நான்காம் அத்தியாயம்: காய்ச்சலுக்கு நாள் எண்ணுங்கள்

வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் நாம் முதலில் கேட்பது, “மாத்திரை போட்டாச்சா?” மருத்துவர் முதலில் கேட்பது, “எத்தனை நாளா?” இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் தெளிவான பதில் இருப்பதில்லை. “முந்தாநாள்... இல்ல, அதுக்கு முந்தின ராத்திரியே லேசா கதகதன்னு இருந்துச்சு” என்று கணவன் ஒன்று சொல்வார், மனைவி வேறொன்று சொல்வார். அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் செய்ய வேண்டிய பரிசோதனையே மாறிவிடும். டெங்கு என்று சந்தேகித்தால் முதல் 5 நாட்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை. நாள் தெரியாமல் ரத்தம் கொடுத்தால் டெங்கு இருந்தும் ‘இல்லை’ என்று அறிக்கை வரலாம்.

ஆகவே முதல் வேலை இது. காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் தினசரி காலண்டர் தாளில் எழுதுங்கள். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பதில் பாசம் இருக்கிறது, அளவு இல்லை. 100.4 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்தால் காய்ச்சல் என்று கொள்ளலாம். காலை, மதியம், மாலை, இரவு என்று எழுதி வைத்த நாலு வரி, மருத்துவரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

இரண்டு வகைக் கிருமிகள்

பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒற்றைச் செல்தான் என்றாலும் தானே உண்ணும், தானே பிரிந்து பெருகும். அதற்குச் சொந்தமாக ஒரு செல் சுவர் உண்டு, புரதம் தயாரிக்கும் உறுப்புகள் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்துகள் இவற்றைத்தான் தாக்குகின்றன. பெனிசிலின், அமாக்சிசிலின் வகையறா செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் புரத உற்பத்தியை நிறுத்தும். நம் செல்களுக்குச் சுவர் கிடையாது என்பதால்தான் பெனிசிலின் நம்மை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்கிறது.

வைரஸ் அப்படியல்ல. கொஞ்சம் மரபுப்பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, அவ்வளவுதான். அது நம் செல்லுக்குள் நுழைந்து, நம் செல்லையே தன் நகல்களைத் தயாரிக்க வைக்கிறது. இடிப்பதற்குச் சுவரும் இல்லை, நிறுத்துவதற்குச் சொந்த உற்பத்தியும் இல்லை. சளிக்கும் ஃப்ளூவுக்கும் டெங்குவுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதற்குக் காரணம் இதுதான். மாத்திரையின் விலையோ கம்பெனியோ இதை மாற்றாது.

“வேலை செய்யாட்டி போகட்டும், எதுக்கும் போட்டு வைப்போமே” என்பது அடுத்த வாதம். போட்டு வைத்தால் வயிற்றுப்போக்கு, தடிப்பு, சிலருக்கு உயிரையே ஆட்டும் ஒவ்வாமை வரலாம். அதற்கு மேல், குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கிப் பிழைத்தவை மட்டும் பெருகும். டைபாய்டுக்கு 1990-களின் தொடக்கத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் அருமையாகக் கேட்டது. இன்று இந்தியாவில் டைபாய்டு கிருமி பெரும்பாலும் அதற்கு மசிவதில்லை. 1928-ல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லிவிட்டார். 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டதும் இதே கவலையில்தான்.

எது எது என்று எப்படி ஊகிப்பது? வெப்பத்தின் அளவை வைத்துச் சொல்ல முடியாது. வைரஸால் வரும் டெங்கு 104 வரை போகும். பாக்டீரியாவால் வரும் காசநோய் சாயங்காலத்தில் லேசாகத் தலைகாட்டிவிட்டுப் போகும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலே பாக்டீரியா என்பதும் தவறு. சாதாரண ஜலதோஷத்திலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் சளி நிறம் மாறும். கொஞ்சம் உதவும் அடையாளம் ஒன்று உண்டு. வைரஸ் பல இடங்களில் ஒரே நேரத்தில் பரவும்: மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், கண் எரியும், உடம்பு முறித்துப் போட்டதுபோல் வலிக்கும், வீட்டில் இன்னும் இரண்டு பேர் தும்மிக்கொண்டிருப்பார்கள். பாக்டீரியா பெரும்பாலும் ஓரிடத்தில் உட்காரும்: ஒரு காதில் குத்தல், டான்சிலில் சீழ், மார்பின் ஒரு பக்கம் மூச்சிழுத்தால் வலி, சிறுநீர் கழித்தால் எரிச்சல், ஒரு கால் மட்டும் சிவந்து வீக்கம். இதற்கு மூன்று பெரிய விதிவிலக்குகள் நம் ஊரிலேயே உண்டு. டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் ஆகிய மூன்றும் பாக்டீரியாதான், ஆனால் உடம்பெல்லாம் வலிக்கும். மருத்துவர்களே தடுமாறும் இடம் இது, அதனால் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

முதல் மூன்று நாட்கள்

நல்ல நினைவோடு, தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துக்கொண்டு இருக்கிற பெரியவருக்கோ வளர்ந்த குழந்தைக்கோ முதல் மூன்று நாட்களில் தேவைப்படுவது ஓய்வு, நீர், பாராசிட்டமால் மூன்றும்தான். கஞ்சி, மோர், இளநீர், ரசம், உப்புச் சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் சரி. போதுமா என்பதற்குக் கணக்கு குடித்த டம்ளரில் இல்லை, கழித்த சிறுநீரில் இருக்கிறது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். கம்பளியைப் போர்த்தி வியர்க்க வைக்க வேண்டாம். ஐஸ் தண்ணீரிலும் துடைக்க வேண்டாம், வெதுவெதுப்பான நீரே போதும்.

பாராசிட்டமாலில் ஒரு பெரிய குழி இருக்கிறது. குழந்தைகளுக்கான சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். மூன்றும் ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் கிடைக்கும். ஒரு வேளைக்கான உச்ச அளவு எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். அது முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் 1.5 மில்லி. “போன தடவை 6 மில்லிதானே கொடுத்தோம்” என்று புது பாட்டிலில் அதே அளவு ஊற்றினால் இரண்டு மடங்கோ நாலு மடங்கோ உள்ளே போய்விடும், கல்லீரல் தாங்காது. பாட்டிலில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு வேளைகளுக்கு நடுவே 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றையும் தொடக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். ‘உடம்பு வலிக்கு ஒரு ஊசி’ என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்வது பல நேரம் டைக்ளோஃபினாக்தான். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கும்வரை, போடாத மருத்துவரிடம் கூட்டம் சேராது. குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை.

இன்னொன்று, மருந்துக்கடையில் சின்னக் காகித உறையில் கொட்டித் தரும் உதிரி மாத்திரைகள். ஒரு வேளைக்கு நாலு மாத்திரை, இரண்டு நாளைக்கு நாலு உறை. பிரித்துப் பார்த்தால் ஒரு பாராசிட்டமால், மூக்கொழுகலுக்கு ஒரு சிறிய வெள்ளை மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று இருக்கும். நாலாவது ஆன்டிபயாடிக்காக இருக்கலாம், ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். பட்டையிலிருந்து பிரித்து எடுத்ததால் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஸ்டீராய்டு போட்டதும் காய்ச்சல் சட்டென்று இறங்கும், பசி எடுக்கும், ‘கைராசிக்கார கடை’ என்று பெயர் வரும். உள்ளே நோய் அப்படியே நடந்துகொண்டிருக்கும். பட்டையாகத் தராத மாத்திரையை வாங்காதீர்கள். இந்த நூலில் நீங்கள் வேறு எதைப் பின்பற்றாவிட்டாலும் இதைப் பின்பற்றுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை

டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை, விடும்போது வருகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வெப்பம் இறங்கும் 24 முதல் 48 மணி நேரத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். ரத்தம் கெட்டியாகி அழுத்தம் சரியும். “காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்” என்று நிம்மதியாகும் அதே நாள் அது.

அந்த நாட்களில் கவனிக்க வேண்டியவை: விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப் போதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, சோர்ந்து சுருண்டு கிடத்தல் அல்லது காரணமில்லாத சிணுங்கல். ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீடு முழுக்கப் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். மருத்துவர் அதைவிடக் கவனமாகப் பார்ப்பது ஹீமடோகிரிட் என்னும் ரத்தக் கெட்டித்தன்மையை, நாடித் துடிப்பை, ரத்த அழுத்தத்தை. ரத்தக்கசிவு இல்லாத ஒருவருக்கு எண்ணிக்கை 40,000-க்கு இறங்கியது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. உறவினர்கள் ரத்த வங்கிக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளிக்குத் தேவைப்பட்டது அளவாக ஏற்றிய சலைனாக இருக்கலாம். நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்குகிறது, பப்பாளி இலைச்சாறு பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடுகிறது. எதைக் குடித்தாலும் அது தண்ணீருக்கும் மருத்துவரின் கண்காணிப்புக்கும் பதிலாகிவிடக் கூடாது. பப்பாளிச் சாறு குடித்து வாந்தி எடுக்கும் குழந்தைக்கு அதை நிறுத்திவிடுவதே நல்லது.

ஐந்து நாள் கடந்தும் விடாவிட்டால்

இங்கேதான் அந்த மூன்று விதிவிலக்குகள் வருகின்றன.

உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் அதிகம். கடித்த இடத்தில் வலியும் அரிப்பும் இருக்காது. சில நாளில் அங்கே சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு உண்டாகும், சுற்றிலும் லேசான சிவப்பு. அது இருக்கும் இடங்கள் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பக்கம், இடுப்பில் பாவாடை நாடா படும் இடம், காதுக்குப் பின்புறம். கூச்சத்தில் காட்டாமல் விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். குளிப்பாட்டும்போது அம்மாவோ மனைவியோ தலை முதல் கால் வரை ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் போதும். எல்லோருக்கும் பொருக்கு வராது, ஆனால் வந்தால் பெரும்பாலும் சந்தேகமே இல்லை.

இந்தக் கிருமி பாக்டீரியாதான், ஆனாலும் அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் எத்தனை போட்டாலும் கேட்காது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. ‘ஆன்டிபயாடிக்’ என்பது ஒரே மருந்தின் பெயர் அல்ல. எந்தக் கிருமிக்கு எது என்ற கணக்கு கடைக்காரருக்குத் தெரியாது.

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கியவர்களுக்கு வரும். வயல் வேலை, சாக்கடை வேலை, வெள்ளத்தில் நடந்தது, எல்லாமே வழி. கெண்டைக்கால் தசை தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும், முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் வரும். டைபாய்டு படிப்படியாக ஏறும் காய்ச்சல், வயிற்று உபாதையோடு. அதற்கு இரண்டாம் நாளே ‘வைடால்’ எடுத்து ‘பாசிட்டிவ்’ என்று மருந்து தொடங்குவது நம் ஊர் வழக்கம். ஒரே ஒரு வைடாலை நம்ப முடியாது, முன்பு வந்துபோன தொற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டும். சரியான பரிசோதனை பிளட் கல்ச்சர். அதையும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்னால் எடுக்க வேண்டும். கடையில் வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டுப் போனால் கல்ச்சரில் கிருமி முளைக்காமல் போகலாம். எந்த நோய் என்பதும் தெரியாது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதும் தெரியாது.

மருத்துவரிடம் போகும்போது காலண்டர் தாளோடு இதையும் சொல்லுங்கள்: என்ன வேலை, எங்கே போய் வந்தீர்கள், தண்ணீரில் இறங்கினீர்களா, வீட்டில் எலி உண்டா, ஏற்கெனவே என்ன மாத்திரை போட்டீர்கள். கடைசியாகச் சொன்னதை மறைக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை.

ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால்

“டாக்டர், இதுக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேணுமா? ரெண்டு நாள் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் காரணம் சொல்வார். வேண்டும் என்று சொன்னால் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில், சொன்ன நாள் வரை போடுங்கள். மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். மீந்துபோனதை அலமாரியில் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுப்பது, “எனக்குக் கேட்டுச்சு” என்று தங்கைக்குக் கொடுப்பது, இரண்டும் வேண்டாம்.

காசநோய்க்கு இது இன்னும் கண்டிப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, உறுதியானால் குறைந்தது 6 மாத மருந்து, இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டால் சானடோரியத்தில் இருந்ததற்குச் சமமாகக் குணமாகும் என்று உலகுக்கு நிரூபித்தது 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம்தான்.

வைரஸுக்கு மருந்தே கிடையாது என்ற பழைய பேச்சும் இப்போது செல்லாது. ஃப்ளூவுக்கு ஓசல்டமிவிர் முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால் நல்ல பலன் தரும், கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் முக்கியமாக. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மைக்கு அசைக்ளோவிர் உண்டு, கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே கொடுப்பது நல்லது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தலாம். ஹெபடைடிஸ் சி-யை பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் குணப்படுத்தலாம். அம்மைக்கு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாமல், நோயாளியைத் தனியே படுக்கவைக்கும் வழக்கத்தில் தொற்றைத் தடுக்கும் அறிவு இருக்கிறது. அதை அப்படியே தொடருங்கள், கூடவே மருத்துவரையும் பாருங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் காரணம் வைரஸா பாக்டீரியாவா என்று வீட்டில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், முதல் சிகிச்சை ஒன்றேதான். 1 லிட்டர் தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலம் இல்லாவிட்டால் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. குழந்தைக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் சேர வேண்டும். 1971-ல் வங்கதேச அகதி முகாமில் காலரா பரவியபோது, சலைன் தீர்ந்த நிலையில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

வரும்முன்

டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நம் வீட்டு நல்ல தண்ணீரில் இடுகிறது. ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி, பயன்படுத்தாத ஆட்டுக்கல்லின் குழி, மணி பிளான்ட் பாட்டில், மூடி உடைந்த சின்டெக்ஸ் தொட்டி. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதே இந்த ஒரு வாரக் கணக்கு. குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சாப்பிடும் முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்பு போடுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டுக்குச் சமமாகப் பத்திரப்படுத்துங்கள், புதன்கிழமை ஊசியைச் சளி, லேசான காய்ச்சல் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நாய் கடித்தால் முதல் மருந்து குழாய்த் தண்ணீரும் சோப்பும், 15 நிமிடம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முதல் ஊசி போட்டு, சொன்ன தேதிகளில் மீதியையும் முடித்துவிடுங்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டுமா என்று கேளுங்கள். வெறிநோயின் அறிகுறி தொடங்கிய பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை, ஊசிகளை ஒழுங்காகப் போட்டவர் பிழைக்காமல் போவது மிக அரிது.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு, மூச்சுத் திணறல், கழுத்தைக் குனிய முடியாத தலைவலி, நினைவு தடுமாற்றம், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். இவற்றில் எதைக் கண்டாலும், நடு இரவானாலும், 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.